அகப்பட்டவனுக்கு அஷ்டமத்தில் சனி

2004 ஜூன் 14. போர்ச்சுகலின் கிமாரெய்ஸ் நகரில் யூரோ கோப்பையின் முதல் சுற்று ஆட்டம். இத்தாலியும் டென்மார்க்கும் 90 நிமிடம் மல்லுக்கட்டியும் ஒரு கோல்கூட விழவில்லை. நடுவர் விசிலை ஊதி முடித்து வைத்தார். மறுநாள் பத்திரிகையில் நாலு வரிக்கு மேல் எழுத ஒன்றுமில்லாத ஆட்டம்.

பிறகு டென்மார்க் தொலைக்காட்சியில் ஒரு காட்சி ஓடியது. இத்தாலியின் 10-ஆம் எண் சட்டைக்காரர் பிரான்செஸ்கோ டோட்டி, டென்மார்க்கின் கிறிஸ்டியன் பொல்சனுக்கு எதிரே நின்று, முகத்தை நோக்கி எச்சில் துப்புகிறார். நடுவர் அதைப் பார்த்திருக்கவில்லை. உதவி நடுவர்களும் பார்த்திருக்கவில்லை. நேரடி ஒளிபரப்பு எப்போதும் பந்தின் பின்னால்தான் ஓடும், பந்தை விட்டு விலகி நிற்கும் ஆளை அது கண்டுகொள்ளாது. ஆனால் டென்மார்க் தொலைக்காட்சி அன்றைக்குத் தனியாக ஒரு கேமராவை வைத்திருந்தது. அதற்கு ஒரே வேலைதான்: ஆட்டம் முழுக்க டோட்டியை மட்டும் படம்பிடிப்பது. பந்து எங்கே போனாலும் அந்த கேமரா டோட்டியை விட்டு நகரவில்லை.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா படத்தைப் போட்டுப் பார்த்தது. டோட்டிக்கு மூன்று ஆட்டத் தடை. இத்தாலி லேசில் விடவில்லை. முன்னாள் பிரதமர் ஆன்ட்ரியோட்டிக்காக வாதாடிப் பெயர் வாங்கிய வழக்கறிஞர் ஜூலியா போன்ஜோர்னோவை அனுப்பி வாதாடிப் பார்த்தது. பலனில்லை. டோட்டி இல்லாத இத்தாலி ஸ்வீடனோடு டிரா செய்தது, பல்கேரியாவை வென்றது, ஆனாலும் முதல் சுற்றோடு ஊர் திரும்பியது.

எச்சில் துப்பியது குற்றம்தான். அதற்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது. ஆனால் அன்று மைதானத்தில் இருந்த மற்ற 21 பேருக்குத் தனி கேமரா கிடையாது. பொல்சன் அந்த 90 நிமிடமும் என்ன சொன்னார், யார் காலை மிதித்தார், யார் சட்டையைப் பிடித்தார் என்று நுணுகிப் பார்க்க ஆளில்லை. ஒரே ஆட்டம், ஒரே விதிப்புத்தகம். ஆனால் ஒருவரை மட்டும் ஒரு கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது. அதுவும் எதிரணியின் ஊர்க் கண்.

மூன்று நாள் கழித்து அதே போட்டியில் கதை திரும்பி நடந்தது. இங்கிலாந்துடன் ஆடிய சுவிட்சர்லாந்து வீரர் அலெக்சாண்டர் ஃப்ரை, ஸ்டீவன் ஜெரார்டின் பிடரியில் துப்பினார் என்று குற்றச்சாட்டு. போதிய ஆதாரம் இல்லையென்று யூஃபா முதலில் ஃபைலை மூடிவிட்டது. ஆதாரம் இருந்தது. அது சுவிட்சர்லாந்து தொலைக்காட்சியின் கையில் இருந்தது. தன் நாட்டு வீரர் மாட்டிக்கொள்ளும் படம் என்பதால் அது உடனே வெளியே வரவில்லை. வந்த பிறகு வழக்கு மறுபடி திறக்கப்பட்டது, ஃப்ரைக்கும் தடை விழுந்தது.

2006 உலகக் கோப்பையில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. ஜூன் 30, பெர்லின். காலிறுதியில் ஜெர்மனி பெனால்டி ஷூட்-அவுட்டில் அர்ஜென்டினாவை வீழ்த்தியது. கடைசி உதை முடிந்ததும் இரு அணிகளுக்கும் கைகலப்பு. ஆட்டம் முடிந்த பிறகும் அர்ஜென்டினாவின் குஃப்ரே சிவப்பு அட்டை வாங்கினார். ஜெர்மானியர்கள் பக்கம் பிரச்சினை எதுவும் இல்லை என்றே முதலில் பட்டது. பிறகு இத்தாலியத் தொலைக்காட்சியில் ஒரு துண்டுக் காட்சி வந்தது: ஜெர்மனியின் நடுக்கள வீரர் டோர்ஸ்டன் ஃப்ரிங்ஸின் கை, அர்ஜென்டினாவின் ஹூலியோ குரூஸ் முகத்தை நோக்கிப் போகிறது. ஃபிஃபா ஃப்ரிங்ஸுக்குத் தடை விதித்தது. அவர் அரையிறுதியில் ஆட முடியவில்லை.

அரையிறுதியில் ஜெர்மனியின் எதிரணி யார்? இத்தாலி. கூடுதல் நேரத்தின் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டு கோல் அடித்து இத்தாலி வென்றது, பிறகு கோப்பையையும் தூக்கியது. படத்தில் இருந்தது உண்மைதான், யாரும் ஒட்டு வேலை செய்யவில்லை. ஆனால் அந்தக் கைகலப்பில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். அத்தனை பேரின் கைகளிலும் ஃப்ரிங்ஸின் கையைத் தேடி எடுத்துக் காட்ட யாருக்கு அக்கறை இருந்திருக்கும் என்று ஜெர்மானியர்கள் கேட்டதில் தவறு காண முடியாது.

தொலைக்காட்சி கால்பந்தைக் கெடுக்கிறதா என்ற விவாதம் பெரும்பாலும் "கேமரா பொய் சொல்லுமா?" என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கேமரா பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. யாரைப் பார்ப்பது, எத்தனை முறை காட்டுவது, எந்த வேகத்தில் காட்டுவது, யாருடைய ஊரில் முதலில் காட்டுவது என்பதையெல்லாம் முடிவு செய்பவர்கள் ஒளிபரப்புக்காரர்கள். தண்டனை கொடுப்பவர்கள் விளையாட்டு அதிகாரிகள். முதலாமவரின் தேர்வு இரண்டாமவரின் தீர்ப்பாகிவிடுகிறது.

கேமராவுக்கு உரிய நன்றியையும் சொல்லியாக வேண்டும். 1994 உலகக் கோப்பைக் காலிறுதியில் இத்தாலியின் மௌரோ டஸ்ஸோட்டி, ஸ்பெயினின் லூயிஸ் என்ரிக்கேயை முழங்கையால் இடித்து மூக்கை உடைத்தார். லூயிஸ் என்ரிக்கே ரத்தம் வழிய நடுவரிடம் முறையிட்டார். ஹங்கேரி நடுவர் சாண்டோர் பூல் அதைக் கவனிக்கவில்லை. பெனால்டியும் இல்லை, அட்டையும் இல்லை. ஸ்பெயின் 2-1 என்று தோற்று வெளியேறியது. பிறகு வீடியோவைப் பார்த்து ஃபிஃபா டஸ்ஸோட்டிக்கு எட்டு ஆட்டத் தடை போட்டது. உலகக் கோப்பையில் வீடியோ ஆதாரத்தை வைத்துப் பின்னால் தண்டிக்கப்பட்ட முதல் வீரர் அவர். ஒளிபரப்பு இல்லையென்றால் அந்த மூக்குக்குக் கேள்வி கேட்பாரில்லை. 2014-இல் லூயிஸ் சுவாரெஸ் இத்தாலியின் கியெல்லினியின் தோளைக் கடித்ததும் அப்படித்தான். நடுவர் பார்க்கவில்லை, கேமரா பார்த்தது. ஒன்பது சர்வதேச ஆட்டங்களுக்குத் தடை, நான்கு மாதம் கால்பந்து பக்கமே வரக்கூடாது.

ஆனால் இந்த நீதி ஒருபக்கமாகவே ஓடும் வண்டி. டஸ்ஸோட்டி தண்டிக்கப்பட்டதால் ஸ்பெயினுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் குற்றத்தைத் தவறவிட்ட பூல்தான் இறுதி ஆட்டத்துக்கும் நடுவர். 2002-இல் இதைவிட வேடிக்கை. தென்கொரியாவின் உல்சானில் பிரேசிலும் துருக்கியும் மோதிய ஆட்டம் முடியப்போகிற நேரம். கார்னர் மூலையில் நின்ற ரிவால்டோவை நோக்கி துருக்கியின் ஹக்கான் உன்சால் கடுப்பில் பந்தை உதைத்தார். பந்து பட்டது காலில். ரிவால்டோ முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டு விழுந்தார். நடுவர் உன்சாலுக்கு அட்டையைக் காட்டி வெளியே அனுப்பினார். ரீப்ளேயில் உலகமே சிரித்தது. ஃபிஃபா ரிவால்டோவுக்குப் போட்ட அபராதம் 11,670 சுவிஸ் ஃபிராங்க். அவர் அந்தப் போட்டி முழுக்க ஆடினார், கோப்பையும் வாங்கினார். உன்சாலின் சிவப்பு அட்டை சிவப்பாகவே இருந்தது.

தியரி ஆன்ரி விஷயம் இன்னொரு கோணம். 2009 நவம்பர் 18, பாரிஸ். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசிப் படியில் பிரான்ஸ் அயர்லாந்தோடு ஆடியது. ஆன்ரி பந்தைக் கையால் தட்டிக் கட்டுப்படுத்தி காலாஸுக்குக் கொடுத்தார், காலாஸ் கோல் அடித்தார், அயர்லாந்தின் கனவு முடிந்தது. அந்த வருடம் அதைவிட அதிகமாக ரீப்ளே போடப்பட்ட காட்சி இருந்திருக்காது. ஆனாலும் ஆன்ரிக்குத் தண்டனை இல்லை. கையால் பந்தைத் தொடுவது தங்கள் விதிப்படி கடுங்குற்றத்தில் சேராது என்று ஃபிஃபா கையை விரித்துவிட்டது. அயர்லாந்து வழக்குக்குப் போகாமலிருக்க ஃபிஃபா அந்நாட்டுச் சங்கத்துக்கு 50 லட்சம் யூரோ கொடுத்திருந்த சேதி 2015-இல்தான் வெளியே வந்தது.

ஆன்ரியின் அந்த ஆட்டத்துக்கு மூன்று மாதம் முன்பு ஆர்சனல் அணியின் எடுவார்டோ, செல்டிக் கோல் கீப்பர் தட்டிவிட்டதுபோல விழுந்து ஒரு பெனால்டி வாங்கினார். ஸ்காட்லாந்தில் பெரும் கூச்சல். யூஃபா அவருக்கு இரண்டு ஆட்டத் தடை போட்டது, பிறகு மேல்முறையீட்டில் தானே ரத்து செய்தது. பெனால்டிக்காக விழுகிறவர்கள் வாராவாரம் ஐரோப்பா முழுக்க விழுந்துகொண்டிருந்தார்கள். எடுவார்டோ விழுந்தது சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில், இரண்டு பெரிய கிளப்புகள் மோதிய இரவில் என்பதுதான் வித்தியாசம். இதே எடுவார்டோவின் கால் 2008-இல் பர்மிங்ஹாமில் ஒரு தடுப்பாட்டத்தில் முறிந்தபோது, பார்க்கச் சகிக்காது என்று ஸ்கை தொலைக்காட்சி ரீப்ளேயே போடவில்லை. காட்டாமல் விடுவதும் ஒளிபரப்புக்காரர்களின் முடிவுதான்.

இங்கிலாந்து இதில் தனி ரகம். அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் பல வருடம் ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது: மைதானத்தில் இருந்த நடுவரோ துணை நடுவர்களோ ஒரு சம்பவத்தைப் பார்த்து முடிவெடுத்துவிட்டால், பிறகு வீடியோவை வைத்து அதைக் கிளறக் கூடாது. யாரும் பார்க்காததை மட்டுமே பின்னால் விசாரிக்கலாம். நடுவரின் அதிகாரத்தைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. நடைமுறையில் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு வெய்ன் ரூனியின் 2011-ஆம் வருடத்தைப் பார்த்தால் போதும்.

பிப்ரவரி 26. விகன் மைதானம். ரூனி ஓடிப்போகிற வழியில் எதிரணியின் ஜேம்ஸ் மெக்கார்த்தி தலையில் முழங்கையால் இடிக்கிறார். நடுவர் மார்க் கிளாட்டன்பர்க் ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டு, அட்டை எதுவும் காட்டாமல் ஆட்டத்தைத் தொடர்ந்தார். டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். சிவப்பு அட்டை கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லாத விமர்சகர் குறைவு. ஆனால் நடுவர் 'பார்த்துவிட்டார்'. சங்கம் ஒன்றும் செய்யவில்லை.

ஏப்ரல் 2. லண்டனில் வெஸ்ட் ஹாம் மைதானம். 2-0 என்று பின்தங்கியிருந்த மான்செஸ்டர் யுனைடெட்டை ரூனி மூன்று கோல் அடித்துத் தூக்கி நிறுத்துகிறார். மூன்றாவது கோல் விழுந்த ஆவேசத்தில் இருக்கும்போது கேமராக்காரர் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறார். ரூனி லென்ஸைப் பார்த்தே கெட்ட வார்த்தையில் கத்துகிறார். சனிக்கிழமை மத்தியான நேரடி ஒளிபரப்பு, வீடுகளில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் நேரம். தொலைக்காட்சி நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டது. கால்பந்துச் சங்கம் ரூனிக்கு இரண்டு ஆட்டத் தடை போட்டது. அதனால் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் அவர் இல்லை. யுனைடெட் 1-0 என்று தோற்றது.

ஒரு மனிதனின் தலையில் இடித்ததற்கு ஒன்றுமில்லை, லென்ஸைப் பார்த்துத் திட்டியதற்கு அரையிறுதி போயிற்று. அந்தக் கெட்ட வார்த்தை இங்கிலாந்தின் எல்லா மைதானங்களிலும் எல்லா வாரமும் காற்றில் கலந்து போகிறதுதான். கேமரா முன்னால் வந்து நிற்காவிட்டால் அன்றைக்கும் அப்படியே கலந்திருக்கும். இங்கே தொலைக்காட்சி குற்றத்தைப் பிடித்துக் கொடுத்தது என்று சொல்வது போதாது, பாதிக் குற்றம் தொலைக்காட்சியால் வந்ததுதான்.

கடித்தவர்கள் கதையிலும் இதே கோணல் இருக்கிறது. 2006 அக்டோபரில் டாட்டன்ஹாமின் ஜெர்மைன் டிஃபோ, வெஸ்ட் ஹாமின் மஸ்கெரானோ கையைக் கடித்தார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அட்டை காட்டியாகிவிட்டதால் சங்கம் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது என்றது. 2013 ஏப்ரலில் லிவர்பூலின் சுவாரெஸ் செல்சியின் இவானோவிச் கையைக் கடித்தார். நடுவர் பார்க்கவில்லை, அட்டை இல்லை. அதனாலேயே சங்கத்தின் கை கட்டப்படவில்லை. பத்து ஆட்டத் தடை. சுவாரெஸுக்கு ஏற்கெனவே நெதர்லாந்தில் கடித்த பழைய கணக்கு இருந்தது என்பது உண்மை. ஆனால் ஒரே லீக், ஒரே பல், ஒரே கை. ஒருவருக்கு மஞ்சள் அட்டையோடு போயிற்று, இன்னொருவருக்குப் பத்து ஆட்டம்.

சுவாரெஸுக்கு ஒரு மாதம் முன்பு விகனின் கல்லம் மெக்மனமன், நியூகாசிலின் ஹைதாரா முழங்காலில் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஹைதாராவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நடுவர் குழுவில் ஒருவர் அந்த மோதலை அரைகுறையாகப் பார்த்திருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக அதற்கும் நடவடிக்கை இல்லை. அந்தக் கோடையில் சங்கம் விதியைத் தளர்த்தியது. 2017-இல் ஏமாற்றி விழுவதற்கும் தனிக் குழு வந்தது: ஒரு முன்னாள் நடுவர், ஒரு முன்னாள் பயிற்சியாளர், ஒரு முன்னாள் வீரர். மூவரும் தனித்தனியே வீடியோ பார்த்து ஒரே மனதாகச் சொன்னால்தான் வழக்கு. பிரீமியர் லீகில் அதில் முதலில் மாட்டியவர் எவர்ட்டனின் ஊமர் நியாஸ்.

அடுத்தது வேகம்.

ஸ்லோமோஷன் என்பது தொலைக்காட்சி கால்பந்துக்குக் கொடுத்த மிக அழகான பரிசு. அதே அளவுக்கு ஆபத்தானதும்கூட. அரை நொடியில் நடந்து முடிகிற ஒரு கால் மோதலை ஐந்து நொடிக்கு இழுத்துக் காட்டினால், பார்க்கிறவர் மனம் அந்த ஐந்து நொடியையும் வீரரின் கணக்கில் எழுதிவிடுகிறது. 'இவ்வளவு நேரம் இருந்தும் காலை இழுத்துக்கொள்ளவில்லையே!' என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. கடைக் கொள்ளையில் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டின் காட்சியை மெதுவாகப் பார்த்தவர்கள், சாதாரண வேகத்தில் பார்த்தவர்களைவிட, சுட்டவன் வேண்டுமென்றே சுட்டான் என்று நம்பினார்கள். இரண்டு வேகத்திலும் காட்டினால் அந்தச் சாய்வு குறைந்ததே தவிர முழுக்கப் போகவில்லை.

கால்பந்து நடுவர்களை வைத்தே பெல்ஜியத்தின் லுவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஐந்து நாடுகளைச் சேர்ந்த 88 முதல்தர நடுவர்கள். ஒரே மாதிரிக் காட்சிகள், பாதி பேருக்கு நிஜ வேகம், பாதி பேருக்கு ஸ்லோமோஷன். ஃபவுலா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை. என்ன அட்டை காட்டுவது என்று வந்தபோதுதான் கை கனத்தது. மெதுவாகப் பார்த்தவர்கள் சிவப்பு அட்டையை அதிகம் எடுத்தார்கள். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து கத்துகிற ரசிகருக்கு மட்டுமான நோய் இதுவென்று நினைக்க வேண்டாம். வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்களுக்கும் அதே நோய்தான்.

கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேசக் குழுவுக்கு இது தெரியும். அதனால்தான் வீடியோ உதவி நடுவர் முறைக்கு, அதாவது வி.ஏ.ஆருக்கு, எழுதிய விதிகளில் ஒரு வரம்பு வைத்தது. கால் எங்கே பட்டது, கை பட்டதா, கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா போன்ற விஷயங்களுக்கு ஸ்லோமோஷன் பார்க்கலாம். ஒரு தாக்குதல் எவ்வளவு கடுமையானது என்று தீர்மானிக்க நிஜ வேகத்தில்தான் பார்க்க வேண்டும். விதி நல்ல விதி. திரையில் முதலில் எந்தப் படம் வந்து நிற்கிறது என்பதில்தான் கோளாறு.

2023 செப்டம்பர் 30. டாட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூல். 26-ஆவது நிமிடம். லிவர்பூலின் கர்ட்டிஸ் ஜோன்ஸ் பந்தை எட்டிப் பிடிக்கப் பாய்கிறார். கால் பந்தின் மேல்தான் படுகிறது. பந்து உருள, கால் வழுக்கிக்கொண்டு போய் பிசூமாவின் காலில் இறங்குகிறது. நடுவர் சைமன் ஹூப்பர் மஞ்சள் அட்டை காட்டுகிறார். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஸ்டாக்லி பார்க்கில் உட்கார்ந்திருக்கும் வி.ஏ.ஆர். நடுவர் திரையைப் பார்க்கச் சொல்கிறார். ஹூப்பர் ஓடிப்போய்ப் பார்த்தபோது அங்கே ஓடும் படம் இல்லை. ஜோன்ஸின் பூட்ஸ் பிசூமாவின் காலில் முழுசாகப் பதிந்திருக்கும் அந்த ஒரு கணம், அசையாமல் நின்றுகொண்டிருந்தது. பிறகு ஸ்லோமோஷன். மஞ்சள் சிவப்பானது. அந்த நிலைப்படத்தில் பந்து வழுக்கியதும் இல்லை, கால் முதலில் பந்தைத் தொட்டதும் இல்லை. லிவர்பூல் பயிற்சியாளர் யூர்கன் க்ளோப் பிறகு புகார் செய்ததும் இதைத்தான். கிளப் மேல்முறையீடு செய்தது, நிற்கவில்லை. ஜோன்ஸ் மூன்று ஆட்டம் வெளியே உட்கார்ந்தார்.

அதே ஆட்டத்தில் எட்டு நிமிடம் கழித்து லூயிஸ் டியாஸ் அடித்த நியாயமான கோல் ஆஃப்சைடு என்று தள்ளப்பட்ட கதை உலகப் பிரசித்தம். களத்தில் கொடுத்த தீர்ப்பு என்ன என்பதையே வி.ஏ.ஆர். குழப்பிக்கொண்டார். கோல் என்று கொடுத்திருப்பதாக நினைத்து, 'சரிபார்த்தாயிற்று' என்று சொல்லிவிட்டார். பிறகு வெளியான ஒலிப்பதிவைக் கேட்டால், தவறை முதலில் சுட்டிக்காட்டிய குரல் நடுவருடையதே அல்ல. ரீப்ளே ஓட்டும் டெக்னீஷியன்தான் 'இது உங்களுக்குச் சம்மதமா?' என்று கேட்கிறார். அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது, நிறுத்த விதியில் இடமில்லை.

வி.ஏ.ஆர். வருவதற்கு முன்பு நிலைமை இதைவிடச் சங்கடம். 2010 ஜூன் 27, ஜோஹன்னஸ்பர்க். மெக்ஸிகோவுக்கு எதிராக அர்ஜென்டினாவின் கார்லோஸ் டெவெஸ் தலையால் முட்டி கோல் அடித்தார். அவர் தெளிவாக ஆஃப்சைடில் நின்றிருந்தார். உதவி நடுவர் கொடி தூக்கவில்லை. நடுவர் ரொசெட்டி கோல் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மைதானத்தின் ராட்சதத் திரையில் ரீப்ளே ஓடியது. மெக்ஸிகோ வீரர்கள் திரையைக் கைகாட்டிக் கத்துகிறார்கள். ரொசெட்டி உதவி நடுவரிடம் ஓடுகிறார், இருவரும் பேசுகிறார்கள், அரங்கம் முழுக்கப் படத்தைப் பார்த்துவிட்டது. ஆனால் விதிப்படி வீடியோவைப் பார்த்து முடிவை மாற்றக் கூடாது. கோல் நின்றது. ஃபிஃபா உடனே ஒரு 'சீர்திருத்தம்' செய்தது: சர்ச்சைக்குரிய காட்சிகளை இனிமேல் மைதானத் திரையில் போடமாட்டோம்! எல்லோருக்கும் தெரிந்தது நடுவருக்கு மட்டும் தெரியக்கூடாது என்ற அந்த ஏற்பாட்டை எத்தனை நாள் இழுக்க முடியும்? 2016-இல் வி.ஏ.ஆர். சோதனைக்கு அனுமதி வந்தது, 2018-இல் விதிப்புத்தகத்தில் ஏறியது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறிய அட்டை ஆகிய நான்கில் மட்டும், அதுவும் தவறு பளிச்சென்று தெரிந்தால், அது தலையிடலாம் என்று அப்போது வரையறுத்தார்கள்.

அந்த வருட உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டினா நடுவர் நெஸ்டர் பிட்டானா பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குரோஷியாவின் பெரிசிச் கையில் பந்து பட்டதா? திரைக்குப் போனார், பார்த்தார், திரும்பினார், மறுபடி போய்ப் பார்த்தார், பெனால்டி கொடுத்தார். கோடிக்கணக்கானோர் அதே படத்தை அதே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனிதர் தனியாக ஒரு சின்னத் திரையின் முன் நின்று முடிவெடுக்க வேண்டும்.

நடுவர்கள் ஒளிபரப்புக்குப் பயப்படுகிறார்களா என்ற கேள்விக்கு ஒரு நடுவரே பதில் சொல்லியிருக்கிறார். 2022 ஆகஸ்டில் செல்சியும் டாட்டன்ஹாமும் ஆடியபோது, டாட்டன்ஹாமின் ரொமேரோ எதிரணியின் குகுரெல்லா தலைமுடியைப் பிடித்து இழுத்தார். வி.ஏ.ஆர். இருக்கையில் இருந்தவர் மைக் டீன். களத்தில் இருந்த நடுவர் ஆன்டனி டெய்லரை அவர் திரைக்கு அனுப்பவில்லை. ஏன் என்று மறுவருடம் ஒரு பாட்காஸ்டில் சொன்னார்: ஏற்கெனவே சூடான அந்த ஆட்டத்தில் தன் நண்பருக்கு மேலும் தலைவலி கொடுக்க மனம் வரவில்லையாம். திரைக்கு அனுப்புவது சக நடுவரை உலகத்தின் முன் நிறுத்துவது போன்றது என்று ஒரு மூத்த நடுவருக்கே தோன்றியிருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தொலைக்காட்சி வருவதற்கு முன்னால் நடுவர்கள் யாருக்கும் பயப்படாமல் தராசைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். சொந்த ஊர் ரசிகர்களின் கூச்சல் அவர்களை எப்போதுமே அசைத்து வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைக் காட்டினார்கள், சிலருக்கு அரங்கச் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் சுமார் 15 சதவீதம் குறைவு. கோவிட் காலத்தில் காலி மைதானங்களில் ஆடியபோது வெளியூர் அணிகள் வாங்கும் மஞ்சள் அட்டைகள் குறைந்ததும் அதையே உறுதி செய்தது. அந்தக் கூச்சலுக்கு எதிராக நடுவர் சாய்ந்து நிற்க ஒரு தூண் வேண்டுமென்றால், அது கேமராதான். உள்ளூர் அரங்கம் என்ன கத்தினாலும், இரவு டிவியில் உண்மை தெரிந்துவிடும் என்ற எண்ணம் வெளியூர் அணிக்கு ஒரு காப்பு.

ஆனால் காப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. 2018 உலகக் கோப்பையில் வி.ஏ.ஆர். அறைக்கு 33 ஒளிபரப்பு கேமராக்களின் படம் வந்தது, 2022-இல் 42. கீழ் லீக் ஆட்டத்துக்கு இதில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. பெரிய அணி, பெரிய நட்சத்திரம், நேரடி ஒளிபரப்பு என்றால் நூறு கோணம், நூறு ரீப்ளே, நூறு விமர்சகர். சின்ன ஊர் ஆட்டத்தில் எவன் காலை எவன் ஒடித்தாலும் அது அந்த ஊரோடு போகும். நட்சத்திரங்கள் தங்களைக் குறிவைக்கிறார்கள் என்று புலம்பும்போது அதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியில், அதே கேமராக்கள்தான் அவர்களுக்குச் சம்பளத்தையும் சம்பாதித்துத் தருகின்றன.

2024 ஜூனில் வி.ஏ.ஆரையே ஒழித்துவிடலாம் என்று உல்வர்ஹாம்ப்டன் அணி பிரீமியர் லீகில் தீர்மானம் கொண்டுவந்தது. வாராவாரம் வி.ஏ.ஆரைத் திட்டித் தீர்த்த கிளப்புகளின் கூட்டம் அது. வாக்கெடுப்பில் 19-க்கு 1. ஆதரித்த அந்த ஒரே வாக்கு உல்வர்ஹாம்ப்டனுடையது. ஸ்வீடனோ, ரசிகர்கள் கேட்டுக்கொண்டபடி இந்த வம்பே வேண்டாமென்று ஒதுங்கி நின்றது.

அடுத்த சீசனில் எஃப்.ஏ. கோப்பையில் ஐந்தாம் சுற்றிலிருந்துதான் வி.ஏ.ஆர். என்று வைத்தார்கள். 2025 பிப்ரவரி 7-ஆம் தேதி நான்காம் சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஹாரி மகுவயர் 93-ஆவது நிமிடத்தில் லெஸ்டருக்கு எதிராக வெற்றிக் கோல் அடித்தார். ஆஃப்சைடு என்பது டிவி பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. கோல் செல்லும், லெஸ்டர் வெளியே. மூன்று வாரம் கழித்து மார்ச் 1-இல் ஐந்தாம் சுற்று. போர்ன்மவுத் அடித்த ஒரு கோலை ஆராய வி.ஏ.ஆர். எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. ஆஃப்சைடு கோட்டைத் தானாகப் போடும் புதுக் கருவி அந்தச் சுற்றில்தான் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டிகளில் அறிமுகம், பெனால்டி பகுதியில் ஆட்கள் நெருக்கியடித்து நின்றதில் அது திணறிப்போனது. கடைசியில் கோல் செல்லாது என்று அறிவித்தார்கள். எதிரே நின்று அந்தத் தீர்ப்பின் பலனை அனுபவித்த அணி உல்வர்ஹாம்ப்டன். ஆட்டம் 1-1 என்று இழுத்துக்கொண்டு போய் பெனால்டி ஷூட்-அவுட்டில் முடிந்தது, அதில் போர்ன்மவுத் ஜெயித்தது.